நடையக்காவின் நான்காவது நிறுத்தம்

அந்தப் பேட்டையில் அவளை நடையக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூட ஒரு நிமிடம் தலையைச் சொறிவார். பதினெட்டு வருடம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற வேலை செய்தவள். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் நோட்டு, தோளில் துணிப்பை. எந்த வீட்டு மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, எது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எந்த நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எது நிறுத்தாது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மீட்டர் பார்க்கப் போகிறவள் மூக்கை வீட்டில் வைத்துவிட்டா போக முடியும்? யார் வீட்டில் என்ன வேகிறது, யார் கை மணக்கும், யார் கை அடிப்பிடிக்கும் என்பதும் சேர்ந்தே தெரிந்துபோயிற்று.

பிறகு மீட்டர்கள் தாங்களாகவே கணக்குச் சொல்லத் தொடங்கின. அலுவலகம் ஆளுக்கொரு மாலையைப் போட்டு இருபது பேரை வீட்டுக்கு அனுப்பியது. அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். வேலை போன முதல் வாரம் வீட்டில் இருக்கக் கால் ஒப்பவில்லை. பழக்க தோஷத்தில் காலையில் கிளம்பி மணிக்கூண்டு வரை வந்து, அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். வெளியூர்த் தம்பதி ஒன்று அவளிடம் வந்து, இங்கே நல்லதாக எங்கே சாப்பிடலாம் என்று கேட்டது.

"சொன்னா புரியாது. வாங்க, காட்டுறேன்" என்றாள்.

காட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்தத் தம்பதி தங்கியிருந்த விடுதியின் அம்மாள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மறுநாளே வாசலில் ஒரு அட்டை எழுதி மாட்டிவிட்டாள்: 'காலை ஒன்பதரை. மணிக்கூண்டு. நடந்து பார்க்கவும் சாப்பிடவும். செருப்பு நல்லதாக இருக்கட்டும்.' இப்படித்தான் அந்தத் தொழில் அவளிடம் வந்து சேர்ந்தது.

அவளுடைய நடைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மணிக்கூண்டு. அதற்கு நான்கு முகம், நான்கும் நான்கு நேரம் காட்டும். எல்லோரையும் சுற்றி நிறுத்திக்கொண்டு சொல்வாள்: "எங்க பேட்டையில யாருமே தாமதமா வந்தது கிடையாது. நாலு பக்கத்துல ஏதாவது ஒரு கடிகாரம் நம்ம கட்சியிலதான் இருக்கும்." கூட்டம் சிரிக்கும். சிரித்த கூட்டம் நன்றாக நடக்கும், நன்றாகச் சாப்பிடும் என்பது அவள் கண்ட அனுபவம்.

இரண்டாவது, மூலையிலுள்ள பேக்கரி. அதை நடத்துகிறவரை கண்ணாடிக்காரர் என்பார்கள். அடுப்பைத் திறக்கும்போதெல்லாம் அவர் கண்ணாடி ஆவியில் வெளுத்துவிடும், அப்படியே குருடர் மாதிரி தட்டை நீட்டுவார். தட்டில் சர்க்கரை தூவின பன். சுடச்சுடக் கடிக்க வேண்டும், கடித்தால் சர்க்கரை சட்டையெல்லாம் கொட்டும். "கொட்டாம சாப்பிட்டா அது நேத்து போட்ட பன்" என்பாள் நடையக்கா. மூன்றாவது, மீன் சந்தை. கடைசி வரிசையில் குதிரை வண்டிச் சக்கரம் அளவு சட்டியில் ஒரு பெண் சின்ன மீன்களை முள்ளோடு வறுத்துக் காகிதக் கூம்பில் போட்டுத் தருவாள். தலையோடு சாப்பிடத் தயங்குகிறவர்களை நடையக்கா வற்புறுத்த மாட்டாள். முதலில் தன் மீனைத் தின்றுவிட்டுச் சும்மா அவர்கள் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அங்கிருந்து படிக்கட்டுத் தெரு. நூற்றுப் பன்னிரண்டு படி. ஏறி முடித்துத் திரும்பினால் ஓட்டுக் கூரைகளும் ஆறும் பாலமும் கையில் எடுக்கலாம் போலத் தெரியும். ஏறின வயிற்றுக்கு மறுபடி பசிக்கும். அந்தப் பசிக்கு நான்காவது நிறுத்தம்: சலவைத் தெருவில் தங்கச்சியின் சூப்புக் கடை.

உண்மையில் கூட்டம் வருவதே அந்த நான்காவது நிறுத்தத்துக்காகத்தான் என்று சொல்லலாம். எலும்பும் கிழங்கும் பார்லியும் விடியற்காலையிலிருந்து கொதித்து, பத்தரை மணிக்கு ஒரு நிறத்துக்கு வரும். தங்கச்சி அதைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் கிண்ணம் ஊற்றுவாள். ஆறு மேசை, வழவழத்த பெஞ்சுகள். ரொட்டி வெட்டிக் கொடுப்பது அவள் புருஷன். அந்த மனுஷர் ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொன்னதில்லை என்பதால் அவருக்கு ஒத்தைச்சொல் என்று பெயர். பள்ளி இல்லாத நாளில் ஒன்பது வயசு மகள் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். மாடியில் அம்மா. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பெற்ற அம்மா. கீழே நடையக்காவின் குரல் கேட்டால், "வந்துட்டாளா ஊர்சுத்தி?" என்று மேலிருந்து குரல் வரும். கூட்டம் அதற்கும் சிரிக்கும்.

அக்காவும் தங்கச்சியும் நகமும் சதையுமாக இருந்தவர்கள்தான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே போர்வைக்குள் வளர்ந்தவர்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு அக்காதான் முன்னின்றாள். ஒரு நாள் பேசாமல் இருந்தால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம். கண்ணாடிக்காரர் கடையில் நிற்கும்போது பையிலிருந்த ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், தங்கச்சி. கூட்டத்தோடு இருக்கும்போது அவள் யாரிடமும் பேச மாட்டாள், அது ஒரு கொள்கை. அடித்து ஓய்ந்தது. பின்னாலேயே ஒரு செய்தி வந்தது: 'அம்மாவுக்கு மூச்சு வாங்குது. உடனே வா.'

அம்மாவுக்கு மூச்சு வாங்குவது புதிதில்லை. அந்த மாதத்திலேயே இரண்டு முறை வாங்கி, இரண்டு முறையும் சரியாகியிருந்தது. எப்படியும் நாற்பது நிமிடத்தில் அங்கேதானே போய் நிற்கப் போகிறோம் என்று நினைத்தாள். பன்னிரண்டு பேரை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓட முடியுமா என்றும் நினைத்தாள். ஃபோனைப் பையின் அடியில் போட்டாள். மீன் சந்தைக்குப் போனாள். மீன் சாப்பிட்டாள். படிக்கட்டில் ஒரு பெரியவருக்கு மூச்சிரைக்க, இரண்டு இடத்தில் நின்றார்கள். உச்சியில் எல்லோரும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சலவைத் தெருவுக்குள் திரும்பும்போது அவள் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன வேடிக்கை என்பது பிற்பாடு எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பின்னால் வந்த பன்னிரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தது மட்டும் நினைவிருந்தது. கடை பாதி அடைத்திருந்தது. வாசலில் ஒத்தைச்சொல் பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாடிப்படியின் கடைசிப் படியில் தங்கச்சி நின்றாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு மகள்.

அம்மா போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

நடையக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பு பின்வரிசையில் இன்னும் அடங்காமல் இருந்தது. தங்கச்சி அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"மேல சர்க்கரை ஒட்டியிருக்கு. தொடைச்சுட்டு மேல போ" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஃபோன் பையில கீழ கெடந்துச்சு. சத்தம் கேக்கல. நான் பாக்கவே இல்லடி." தங்கச்சி கையை மெதுவாக உருவிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அக்கா என்று கூப்பிடவில்லை.

காரியங்கள் முடிந்து கடை திறந்த பிறகு நடையக்கா இரண்டு முறை போனாள். முதல் முறை தங்கச்சி அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாம் முறை, "அவ மாடியில" என்று ஒத்தைச்சொல் சொன்னார். அவருக்கு அதுவே நீண்ட பேச்சு. மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. மூன்றாம் முறை போகக் கால் வரவில்லை. முதலில் ஒரு மாதம் போகட்டும் என்றிருந்தாள். மாதம் வருடமாயிற்று. ஒரே பேட்டை, நடந்தால் பன்னிரண்டு நிமிடம். ஆனாலும் மனசு வைத்தால்தானே கால் நகரும்.

நடையின் பாதையை மாற்றினாள். படிக்கட்டு உச்சியிலிருந்து இடது பக்கம் திரும்பாமல் நேரே பாலத்துக்கு இறங்கிவிடுவாள். சூப்புக்குப் பதில் பாலத்தடியில் ஒரு முட்டைக் கடையைப் பிடித்தாள். முட்டைக் கடைக்காரர் நல்லவர், முட்டையும் குற்றமில்லை, ஆனால் அங்கே சாப்பிட்டு யாரும் ருசியில் கண்ணை மூடிக்கொண்டதில்லை. மணிக்கூண்டு வேடிக்கையையும் விட்டுவிட்டாள். கடிகாரம் எப்போது கட்டியது, மணி எத்தனை எடை என்று மட்டும் சொல்வாள். பழைய கூட்டத்தில் வந்தவர்கள் சொல்லிக் கேட்டு, "அந்தச் சலவைத் தெரு சூப்புக் கடை எங்கே?" என்று யாராவது கேட்பார்கள். "அங்க இப்ப ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பாள்.

ஊர் வாய்க்கு மூடி ஏது? இந்த வார்த்தை தங்கச்சி காதுக்குப் போயிற்று. தங்கச்சி என்ன சொன்னாள் என்பதும் திரும்பி வந்தது. "அவளுக்கு ஒண்ணும் இல்லாமதான் போச்சு" என்றாளாம். இதைக் கேட்ட அன்று நடையக்கா சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

அப்படியே பதினொரு வருடம் ஓடியது. நடையக்காவின் வலது முட்டி தேய்ந்தது. கூட்டத்தை எட்டுப் பேராகக் குறைத்தாள். தங்கச்சி மகள் வளர்ந்து நர்ஸ் படிப்புக்கு வேறு நகரத்துக்குப் போனாள் என்று மீன் வறுக்கிற பெண் சொல்லித் தெரிந்தது.

ஒரு காலை, மணிக்கூண்டருகே எட்டுப் பேரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது தலை இருந்தது. ஒன்பதாவது ஆள் கொஞ்சம் தள்ளி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒத்தைச்சொல். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"என்ன தம்பி?" என்றாள்.

"அக்கா, அவளுக்கு உடம்பு சரியில்ல. தொண்டைக்குக் கீழ கட்டி. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. தண்ணி கூட சரியா இறங்கல. அவ உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

அந்த மனுஷர் ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை. அதிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "இன்னிக்கு நடை இல்லைங்க. மன்னிச்சுக்கோங்க" என்றாள். ஒரு அம்மாள், நாளைக்கு எங்களுக்கு ரயிலாயிற்றே என்று முணுமுணுத்தாள். நடையக்கா அதற்குப் பதில் சொல்ல நிற்கவில்லை. படிக்கட்டைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனால் நேரமாகும் என்று முட்டி வலியோடு நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஏறினாள். ஒத்தைச்சொல் பின்னால் வந்தார்.

அம்மா படுத்திருந்த அதே அறை. அதே ஜன்னல். கட்டில் மட்டும் புதிது. தங்கச்சி தலையணையில் சாய்ந்திருந்தாள். பானை பானையாகத் தூக்கி இறக்கின கை, துணி காயப்போடும் கொடி மாதிரி மெலிந்திருந்தது. அக்கா வாசற்படியில் நின்றாள்.

தங்கச்சி அவள் காலைப் பார்த்தாள். பிறகு, "முட்டி வலிக்குதா?" என்றாள்.

"ம்."

"நாற்காலி இருக்கு. உக்காரு."

அன்று அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி தூங்கினாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள். கிளம்பும்போது, "நாளைக்கும் வரலாமா?" என்று அக்கா கேட்க, "ஒன்ன யாரு தடுத்தா?" என்று கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

விடுதி அம்மாளிடம் சொல்லி வாசல் அட்டையை எடுக்கச் சொன்னாள் நடையக்கா. தினமும் காலையில் சலவைத் தெருவுக்குப் போனாள். கீழே கடை நடந்தது, ஆனால் ஒப்புக்கு. ஒத்தைச்சொல் தானே சூப் வைத்தார். பழைய வாடிக்கையாளர்கள் தங்கச்சிக்காக வந்து, குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தங்கச்சி கேட்டாள், "இப்பல்லாம் ஆட்கள எங்கெங்க கூட்டிட்டுப் போற?"

"அதே இடங்கதான்."

"சொல்லேன். எனக்குத்தான் ஒண்ணும் இறங்கல. காதாவது சாப்பிடட்டும்."

நடையக்கா சொல்லத் தொடங்கினாள். முதலில் குரல் தடுமாறியது, பிறகு பழக்கம் கை கொடுத்தது. கண்ணாடிக்காரர் இப்போது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணாடியைக் காணோம் என்று தேடுகிறார் என்றாள். மீன்காரி சட்டியை மாற்றிவிட்டாள், புதுச் சட்டி இன்னும் பழகவில்லை, அதைத் திட்டிக்கொண்டே வறுக்கிறாள் என்றாள். மீனை எப்படிக் கடிக்க வேண்டும், முள் பல்லில் எப்படி நொறுங்கும், விரலில் எண்ணெய் எப்படி மினுங்கும் என்று சொல்ல, தங்கச்சி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். மறுநாளும் அதையே கேட்டாள். அதற்கு மறுநாளும். சில நாள் நடையக்கா வருகிற வழியில் ஒரு பன்னை வாங்கிவந்து, அதைப் பிட்டு மூக்கருகே காட்டுவாள். தங்கச்சி முகர்ந்துவிட்டு, "வெண்ணெய்ல கஞ்சத்தனம் பண்றாரு" என்பாள். தொழில் புத்தி, படுக்கையிலும் விடவில்லை.

இப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டு போகையில், "...படி ஏறி முடிச்சதும் ஆறு தெரியும். அப்புறம் நேரா பாலத்துக்கு எறங்கிடுவேன்" என்றாள் நடையக்கா.

"நடுவுல ஒண்ண விட்டுட்ட" என்றாள் தங்கச்சி.

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நடையக்கா தன் முந்தானை நுனியைப் பிடித்துச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

"அன்னிக்கு நான் ஃபோனப் பாத்தேன்" என்றாள்.

தங்கச்சி தலையணையில் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"நீ எழுதுனதையும் படிச்சேன். கண்ணாடிக்காரர் கடையில நிக்கும்போதே படிச்சேன். நாப்பது நிமிஷத்துல வந்துடத்தானே போறோம்னு நினைச்சேன். இந்த மாதிரி ரெண்டு தடவ ஆகி சரியாப் போச்சே, இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். பன்னு தின்னேன், மீன் தின்னேன். ஒங்கிட்ட சத்தம் கேக்கலன்னு சொன்னது பொய்."

பதினொரு வருடம் நெஞ்சில் ஆணி மாதிரி இருந்த சொல், வெளியே வரும்போதும் கிழித்துக்கொண்டுதான் வந்தது.

"தெரியும்" என்றாள் தங்கச்சி.

அக்கா நிமிர்ந்தாள்.

"கண்ணாடிக்காரர் அன்னிக்கே சொல்லிட்டாரு. துக்கம் கேக்க வந்தப்ப. 'ஃபோன் வந்துச்சும்மா, எங்க கடையிலதான் பாத்துச்சு, பாவம் அதுக்கு அப்பவே மனசு சரியில்ல போல'ன்னாரு. ஒனக்குப் பரிஞ்சு பேசுறதா நினைச்சுதான் சொன்னாரு." மூச்சு வாங்க நிறுத்தினாள். "அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு நீ வந்து என் கையப் பிடிச்சுட்டு, பாக்கவே இல்லன்ன."

"அப்ப நீ ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்." அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "கடைக்கு வந்தியே ரெண்டு தடவ, அப்பச் சொல்லுவன்னு நினைச்சேன். லேட்டா வந்ததுக்கு எனக்குக் கோவமில்ல. நானா இருந்தாலும் கடையில ஆள் இருந்தா அடுப்ப அணைச்சுட்டு வரக் கொஞ்சம் யோசிச்சிருப்பேன். நீ எங்கிட்டப் பொய் சொன்னியே, அதத்தான் முழுங்க முடியல. மூணாவது தடவ வருவன்னு பாத்தேன். நீ வரவேயில்ல."

ஒரு வரி. பதினொரு வருடம் இரண்டு பேரையும் பிரித்து வைத்திருந்தது ஒரே ஒரு வரிதான் என்று அப்போதுதான் நடையக்காவுக்குத் தெரிந்தது. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை காய்ச்சல்கள், அந்தப் பிள்ளையின் எத்தனை பிறந்தநாள்கள். அவள் தலையைக் கட்டில் சட்டத்தில் வைத்து அழுதாள். தங்கச்சி தடவிக் கொடுக்கவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அசதியா இருக்கு, அக்கா. நாளைக்கு வா" என்றாள்.

அக்கா என்ற சொல் அந்த வாக்கியத்தில் சும்மா, பழக்கத்தில் வந்து விழுந்த மாதிரிதான் இருந்தது. படி இறங்கும்போது நடையக்கா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் போனபோது தங்கச்சி பேசவில்லை. மூன்று நாள் அப்படியே இருந்தாள். நோவா, கோபமா என்று யாருக்கும் விளங்கவில்லை. நான்காம் நாள் காலை, அக்கா தண்ணீரில் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "சனிக்கிழம ஆட்களக் கூட்டிட்டு வா."

"எங்க?"

"எங்கயா? இங்கதான். அவரு சூப்பு வெப்பாரு. நான் சொல்லித் தர்றேன்."

இரண்டு நாள் அந்த அறையிலிருந்து கீழே உத்தரவு பறந்தது. மகளும் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இருபது வயது, அம்மாவின் தாடை, அப்பாவின் அமைதி. அவள்தான் தூது. எலும்பை முதலில் வறுக்கச் சொல்லு. பார்லியை இப்போது போட வேண்டாம். கரண்டியை வெளிச்சத்தில் பிடித்து என்ன நிறம் என்று சொல்லச் சொல்லு. ஒத்தைச்சொல் கீழேயிருந்து, "பழுப்பு" என்பார். "என்ன பழுப்புன்னு கேளு" என்பாள் தங்கச்சி. மகள் ஏறி இறங்கி ஓய்ந்துபோய், கரண்டியையே மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். நடையக்கா அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. பன், மீன், படிக்கட்டு. உச்சியில் இடது பக்கம் திரும்பினாள். கடை வாசலில் நின்று, "இது என் தங்கச்சி கடை. அவளுக்கு உடம்பு முடியல, மாடியில இருக்கா. ஆனா நீங்க மெதுவா பேச வேணாம். சத்தமாவே சாப்பிடுங்க" என்றாள்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். முதலில் சங்கடமாக, தேவாலயத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சூப் வந்ததும் மாறிவிட்டது. கரண்டி கிண்ணத்தில் படுகிற ஓசை, இன்னொரு கிண்ணம் கிடைக்குமா என்ற கேள்வி, எங்கள் ஊரில் இதை இப்படிச் செய்ய மாட்டார்கள் என்ற வாதம், ஒரு தடித்த மனிதரின் சிரிப்பு. நடுவில் மாடித் தரையில் டக் டக் என்று கம்பு தட்டும் சத்தம் கேட்டது. மகள் ஓடிப்போய்த் திரும்பி வந்தாள்.

"அப்பா, ரொட்டி இன்னும் வைக்கலயாம். சத்தத்துலயே தெரியுதாம்."

ஒத்தைச்சொல் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நடையக்கா மாடிக்கு ஏறிப் போனாள். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு, கம்பை மடியில் வைத்துக்கொண்டு, கீழே கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையை லேசாக அசைத்தபடி இருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே கூட்டம் கலையும்வரை இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். கடைசி மூன்று இரவு நடையக்கா வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தாள். நான்காம் நாள் காலை வெளிச்சம் வந்து, பால்காரர் போய், தெருவில் கடைகளின் ஷட்டர் தூக்குகிற நேரம். யாரோ தோளைத் தொட்டார்கள். ஒத்தைச்சொல்.

"அக்கா" என்றார். அவ்வளவுதான்.

அவள் தூங்கிப்போயிருந்தாள். கை கட்டிலின் மேல்தான், தங்கச்சியின் கைக்கு அருகில் இருந்தது. எப்போது நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. தங்கச்சியின் விரல் இன்னும் முழுக்கக் குளிர்ந்திருக்கவில்லை. நடையக்கா அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, சூடு போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகு பேட்டையே கடைக்கு வந்தது. கண்ணாடிக்காரர் தட்டு நிறைய பன் கொண்டுவந்து வைத்துவிட்டு, அழுகிற நடையக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூலையில் நின்றார். பதினொரு வருடத்துக்கு முன்னால் தான் சொன்ன வார்த்தை என்ன செய்தது என்பது அவருக்குத் தெரியாது. அவள் அழுவதைப் பார்த்து அவரும் அழுதார். அவரிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று நடையக்கா தீர்மானித்துக்கொண்டாள்.

கடையைத் தொடர்ந்து நடத்தப் போவதில்லை என்று ஒத்தைச்சொல் சொன்னார். மகள் படிக்கிற நகரத்தில் அவளோடு போய் இருக்கப் போகிறார். மாத முடிவில் சாமான்களைக் கட்டினார்கள். பெரிய பானைகளைக் கழுவிக் கவிழ்க்கும் வேலையை நடையக்காவும் அந்தப் பெண்ணும் எடுத்துக்கொண்டார்கள். பின்கட்டில் குழாயடி. இரண்டு பேரும் முழங்கால் வரை துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு பானைக்குள் தலையை விட்டுத் தேய்த்தார்கள்.

"பெரியம்மா" என்றாள் அந்தப் பெண், பானைக்குள்ளிருந்தே. "அன்னிக்கு நான் படியிலதான் நின்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"தெரியும்டா."

"அம்மா ஒங்கள மன்னிச்சுட்டாங்களா?"

நடையக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். நன்றாக யோசித்தாள். அந்தப் பிள்ளையிடம் இதற்கு ஒரு நல்ல பதில் சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்கும் ஆறுதலாக இருக்கும், கேட்பதற்கும் அழகாக இருக்கும்.

"தெரியல" என்றாள். "அவ சொல்லல. நானும் கேக்கல."

அந்தப் பெண் தலையை வெளியே எடுத்துப் பெரியம்மாவைப் பார்த்தாள். கன்னத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது. சரி என்கிற மாதிரி தலையசைத்துவிட்டு, பானையைச் சாய்த்துப் பிடித்தாள். நடையக்கா குழாயைத் திறந்தாள். இன்னும் நான்கு பானை இருந்தது.